என்லார்ஜர்: கன்டென்சரா, கலர் ஹெட்டா?

வெள்ளித்துகள்:
கருப்பு-வெள்ளை பிரிண்ட் மட்டும்தான் போடப்போகிறேன். நெகட்டிவ் பெரும்பாலும் 35 எம்எம், கொஞ்சம் 6x6 (செ.மீ.) உண்டு. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் பழைய என்லார்ஜர் இரண்டு கிடைக்கின்றன. ஒன்று 35 எம்எம் மட்டும் ஏற்கும் கன்டென்சர் (ஒளியை வில்லைகளால் குவித்து நெகட்டிவில் இறக்கும் வகை), கூடவே 50 எம்எம் எல்-நிக்கோர் லென்ஸ். இன்னொன்று 6x6 வரை போகும், டைக்ரோயிக் கலர் ஹெட் (வண்ண ஃபில்டர்கள் உள்ளேயே இருக்கும் விளக்குப் பகுதி), லென்ஸ் இல்லை. எது நல்லது?

சிவப்புவிளக்கு:
கன்டென்சர், யோசிக்கவே வேண்டாம். ஒளி நேராக இறங்குவதால் கிரெய்ன் (படத்தில் தெரியும் துகள்) கத்தி மாதிரி நிற்கும், எக்ஸ்போஷரும் குறைவு. கலர் ஹெட்டில் ஒளி கலங்கி வருவதால் பிரிண்ட் கொஞ்சம் சோர்ந்துதான் இருக்கும், கலர் பிரிண்ட் போடுபவர்களுக்காகச் செய்ததை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நிழல்வாசி:
சோர்வு என்று நீங்கள் சொல்வது கான்ட்ராஸ்ட் வித்தியாசம். நெகட்டிவில் உள்ள வெள்ளி ஒளியைச் சிதறடிக்கும், அடர்த்தியான இடத்தில் இன்னும் அதிகமாக. இதற்கு காலியர் விளைவு என்று பெயர். அதனால்தான் கன்டென்சரில் ஒரு கிரேடு, அதாவது பேப்பரின் ஒரு கான்ட்ராஸ்ட் படி, அளவுக்குக் கான்ட்ராஸ்ட் கூடித் தெரிகிறது. ஃபில்டருக்கேற்பக் கான்ட்ராஸ்ட் மாறும் மல்டிகிரேடு பேப்பரில் ஃபில்டரைக் கொஞ்சம் ஏற்றினால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் கன்டென்சர் பளிச்சென்று காட்டும் தூசியையும் கீறலையும் எந்த ஃபில்டர் போட்டு மறைப்பீர்கள்? பிரிண்ட்டுக்குப் பிரிண்ட் அந்தப் புள்ளிகளைத் தொட்டு மறைக்கத் தூரிகையோடு உட்கார வேண்டியதுதான்.

சிவப்புவிளக்கு:
நெகட்டிவைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர் சொல்லும் வாதம் இது :) கலர் ஹெட்டில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும் மெஜென்டா ஃபில்டரை முழுக்கத் திருப்பினாலும் பலவற்றில் உச்ச கான்ட்ராஸ்ட்டான கிரேடு 5 கிடைக்காது, அதைச் சொல்லவில்லையே?

நிழல்வாசி:
உண்மைதான். அந்த அபூர்வமான மெலிந்த நெகட்டிவுக்கு 5-ஆம் நம்பர் ஃபில்டரை லென்ஸுக்குக் கீழே பிடித்தால் போயிற்று. மற்றபடி, கன்டென்சர் என்று விற்பதில் பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது பால்நிற பல்புதான், அதுவே பாதி டிஃப்யூஷன் (கலங்கிய ஒளி). XP2 மாதிரி, படம் சாயத்தால் உருவாகும் ஃபிலிமில் வெள்ளியே மிஞ்சாது, அங்கே இந்தச் சண்டைக்கே வேலை இல்லை.

மரையாணி:
இருவரும் ஹெட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஹெட்டைத் தாங்கும் தண்டு ஆடுகிறதா என்று யாராவது கேட்டீர்களா? ஹெட்டை உச்சிக்கு ஏற்றி விரலால் லேசாகத் தட்டுங்கள், அதிர்வு அடங்க நேரம் எடுத்தால் விட்டுவிடுங்கள். நெகட்டிவ், லென்ஸ், பேப்பர் வைக்கும் பேஸ்போர்டு மூன்றும் இணையாக இல்லையென்றால் ஒரு மூலை கூர்மையாகவும் எதிர்மூலை மங்கலாகவும் வரும், எந்த ஒளியும் அதைக் காப்பாற்றாது. கலர் ஹெட்டென்றால் டிரான்ஸ்ஃபார்மர் கூட வருகிறதா, ஹாலஜன் பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

வெள்ளித்துகள்:
சரி, அந்த எல்-நிக்கோரை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிப் பெரிய என்லார்ஜரில் மாட்டலாமா?

மரையாணி:
39 எம்எம் மரைதான் பொதுவானது, லென்ஸைப் பிடிக்கும் லென்ஸ் போர்டு அதற்குரியதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் 6x6-க்கு 50 போதாது, மூலைகள் இருண்டுவிடும், 80 வேண்டும்.

சிவப்புவிளக்கு:
ஆக அவருக்கு இரண்டு லென்ஸ் செலவு. "கொஞ்சம் 6x6" என்றுதான் எழுதியிருக்கிறார், அந்தக் கொஞ்சத்துக்காகவா?

நிழல்வாசி:
6x6 கேமரா கையில் இருப்பவரிடம் அது கொஞ்சமாகவே நிற்காது. பெரிய என்லார்ஜரில் 35 எம்எம் போடலாம், சின்னதில் 6x6 நுழையவே நுழையாது. அப்புறம், கண்ணாடி இல்லாத கேரியரில் (நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம்) 6x6 ஃபிலிம் சூட்டில் வளைந்து ஃபோகஸ் நழுவும், கேரியரையும் கேட்டுப் பாருங்கள்.