ஒரு மாதம் அயர்ன் டிராப்ஸ் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை: 18 மாதக் குழந்தை

தளிர்நடை:
எடை 10 கிலோ. ஹீமோகுளோபின் 9.2, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, ஆர்.பி.சி. (சிவப்பணு எண்ணிக்கை, மில்லியனில்) 4.3. ஒரு மில்லியில் 10 மி.கி. இரும்புள்ள டிராப்ஸ், தினம் 1 மில்லி, காலைப் பாலில் கலந்து கொடுக்கிறோம். 4 வாரம் கழித்துப் பார்த்தால் 9.4தான். பசும்பால் நாளுக்கு 900 மில்லி வரை குடிக்கிறாள்; சாப்பாடு நாலு வாய்க்கு மேல் இறங்காது. மருந்தை மாற்ற வேண்டுமா? பீட்ரூட், பேரீச்சை கூட்டினால் போதுமா?

நுண்ணோக்கி:
மருந்தை மாற்றும் முன் அளவைப் பாருங்கள். சிகிச்சைக்கு வழக்கமாகக் கிலோவுக்கு 3 மி.கி. இரும்பு, அதாவது 10 கிலோவுக்கு 30. இப்போது போவது 10. அது ரத்தசோகை வராமல் தடுக்கக் கொடுக்கும் அளவு. மருந்துச் சீட்டையும் பாட்டிலையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள். கடையில் வேறு கம்பெனி மருந்து தரும்போது செறிவு மாறிவிடும், மில்லி கணக்கு மட்டும் அப்படியே நிற்கும். லேபிளில் இரும்பின் எடைக்குப் பதில் இரும்பு உப்பின் (இரும்புச் சேர்மத்தின்) எடை போட்டிருந்தால் இன்னும் குழப்பம்: 100 மி.கி. ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் இரும்பு சுமார் 33 மி.கி., குளுக்கோனேட்டில் 12தான். நீங்களாகக் கூட்ட வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்த தப்பு பால். அதிலுள்ள கால்சியமும் கேசீனும் இரும்பை உறிஞ்ச விடாது. பாலிலேயே இரும்பு மிகக் குறைவு, அதுவே வயிற்றை நிரப்பினால் சாப்பாட்டுக்கு எங்கே இடம்? 500 மில்லிக்குள் கொண்டுவாருங்கள்; பாட்டிலை விட்டுக் கப்பில் கொடுத்தாலே பாதி குறையும். மருந்தைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், ஆரஞ்சுச் சாறோடு, ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உட்பக்கம் விடுங்கள். பல்லில் பட்டால் கறை படியும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு.

செவ்வணு:
எம்.சி.வி.யை ஆர்.பி.சி.யால் வகுத்தால் கிட்டத்தட்ட 15. இது 13-க்குக் கீழே இருந்தால் தலசீமியா கேரியரா (பரம்பரை ரத்தசோகை மரபணுவைச் சுமப்பவரா) என்று யோசிக்கணும். இங்கே இரும்புக் குறை பக்கமே சாய்கிறது. ஆனால் இது வெறும் குறிப்புதான். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தீர்களா? 12-க்குக் கீழ் என்றால் உறுதி. காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும், அப்போது 30-க்குக் கீழேயே குறைவுதான். சரியான அளவில் 4 வாரம் கொடுத்தால் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏறணும். ஏறாவிட்டால் ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரிசிஸ் (தலசீமியாவைக் கண்டறியும் பரிசோதனை), குடற்புழு, உடலில் ஈய நச்சு என்று தேட வேண்டும்.

பீட்ரூட் பற்றி: நிறம்தான் சிவப்பு, 100 கிராமில் 1 மி.கி. இரும்புகூட இல்லை. பேரீச்சையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இறைச்சி சாப்பிடுவீர்கள் என்றால் அதுதான் முதல். இல்லையென்றால் பருப்பு, பயறோடு எலுமிச்சை, தக்காளி சேருங்கள்.

தளிர்நடை:
நன்றி. 11 ஆனதும் நிறுத்திவிடலாமா?

நுண்ணோக்கி:
கூடாது. அப்போது ரத்தம்தான் சரியாகியிருக்கும், உடலின் இரும்புச் சேமிப்பு காலி. மருத்துவர்கள் மேலும் 2, 3 மாதம் தொடரச் சொல்வார்கள்.

செவ்வணு:
பாட்டிலைப் பூட்டி வையுங்கள். 30 மில்லி டிராப்ஸில் 300 மி.கி. இரும்பு. கிலோவுக்கு 20 மி.கி. தாண்டினாலே நச்சு தொடங்கலாம். உங்கள் குழந்தைக்கு அது 20 மில்லி. குடித்துவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சில மணி நேரத்தில் வாந்தி நின்று குழந்தை தெளிந்ததுபோல் தெரியும். அதை நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள்.