நாடுகடத்தல் நாடகம்: பார்வையாளர் அழுகிறார்கள், யோசிப்பதில்லை. என்ன செய்யலாம்?

அல்சூர் ஒத்திகை
80 நாற்காலி போடக்கூடிய சின்ன அரங்கு, 40 நிமிட நாடகம். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு, கடைசியில் இங்கே கர்நாடகத்தில் சுள்யா ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேரும் ஒரு குடும்பத்தின் கதை. முன்னோட்டத்தில் ரயில் காட்சிக்கு எல்லாரும் அழுதார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பிளேட்டோ நாடகக்காரர்களை நகரத்தை விட்டே அனுப்பச் சொன்னது இதற்காகத்தானா? ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் வழி உதவுமா? மூன்று வாரம் இருக்கிறது.

மூன்றாம் மணி
ஏறக்குறைய இதற்காகத்தான். மேடையில் அடுத்தவன் துயரத்துக்கு உருகிப் பழகியவன் தன் துயரத்திலும் நிதானம் இழப்பான் என்பது பிளேட்டோவின் வாதம். ஆனால் அவரே கதவை முழுக்கச் சாத்தவில்லை. கவிதையால் நன்மை உண்டு என்று யாராவது வாதாடி நிறுவினால் திரும்ப வரலாம் என்கிறார்.

பிரெக்ட் 1933 பிப்ரவரியில் ஜெர்மனியை விட்டு ஓடியவர். நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்று தெரிய வேண்டும் என்ற கொள்கையை அவர் கூர்தீட்டியது அந்த அகதி வருடங்களில்தான். ஒத்திகைக்கு மூன்று உபாயம் சொன்னார்: படர்க்கையில் பேசுவது, இறந்த காலத்தில் பேசுவது, மேடைக் குறிப்பையும் வாய்விட்டுச் சொல்வது. "நான் ஏற மாட்டேன்" என்ற வசனம் இப்படி ஆகும்: "ஏற மாட்டேன் என்று சொன்னாள், சொல்லும்போதே ஒரு கால் ரயில் படியில் இருந்தது."

முதல் வாரம் முழுக்க இப்படியே ஓட்டுங்கள், பிறகு "நான்" என்று தன்மையில் பேசத் திரும்புங்கள். நடிகருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் உண்டான அந்த இடைவெளி குரலில் தங்கிவிடும். வழக்கமாகக் கெடும் இடம் ஒன்று உண்டு: நடிகர் செய்தி வாசிக்கிற மாதிரி ஆகிவிடுவார். அப்போது குரலைத் திருத்தாதீர்கள். "அவள் வேறு என்ன செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள். அவள் கைவிட்ட அந்த இன்னொரு வழியும் நடிப்பில் தெரிய வேண்டும்.

மெய்ப்பாடு
அழுகையை விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த அழுகை என்று பாருங்கள். தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு நிலைக்களன், அதாவது அழுகை பிறக்கும் இடம், சொல்கிறது: இளிவு (பிறர் இகழ்வது), இழவு (உறவையோ இன்பத்தையோ இழப்பது), அசைவு, வறுமை. உங்கள் ரயில் காட்சியில் இருப்பது இழவு மட்டும். உறவைப் பிரியாதவர் யார்? பார்ப்பவர் தன் வீட்டை நினைத்து அழுதுவிட்டுப் போகிறார்.

நாடுகடத்தலுக்கு உரியது அசைவு. முன்பிருந்த நிலை கெட்டு வேறாகி வருந்துவது என்று தொல்காப்பியத்துக்குப் பேராசிரியர் என்ற பழைய உரைகாரர் எழுதிய உரை சொல்லும். அதற்கு முதலில் முன்பிருந்த நிலையைக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் இரண்டு நிமிடம், பேச்சே இல்லாமல், தேயிலைக் கொழுந்து பறிக்கும் கை: இரண்டு இலை ஒரு மொட்டு, இரு கையும் ஒரே வேகம், தோளுக்கு மேலே கூடைக்குள். பிறகு சுள்யாவில் அதே கை ரப்பர் மரத்தின் முன்னால். விடியுமுன் வெளிச்சம் போதாது, பால் வெட்டும் கத்தி சாய்வாகப் போக வேண்டும், கொஞ்சம் ஆழம் இறங்கினாலும் மரம் காயப்படும். கை தயங்குகிறது. இந்தத் தயக்கத்துக்கு வருகிற கண்ணீர் கேள்வியோடுதான் வரும். இரண்டையும் மேடையில் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் செய்ய வையுங்கள். இல்லையென்றால் ஒப்பீடு கண்ணில் படாது.

திரைபிடிப்பவர்
ஒப்பந்தத்தை மேடைக்குக் கொண்டுவர தெருக்கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியக்காரனை விட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். பாத்திரத்தோடும் பேசுவார், சபையோடும் பேசுவார். அனுப்பப்படுகிறவர்களின் விவரம் பதியும் கிளார்க்காக அவரையே ஆக்குங்கள். கணக்கை அவர் சபையிடம் சொல்லட்டும்: மொத்தம் 9,75,000 பேர்; இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரு தடவை, நிதானமாக, போதும்.

கப்பலேறும் தலைமன்னார், தமிழ்நாட்டுக் கரையில் மண்டபம் முகாம், சுள்யா என மூன்று இடத்திலும் அதே கேள்விகள்: பேர், தகப்பன் பேர், பிறந்த ஊர். சுள்யாவில் கன்னடத்தில் கேட்கட்டும்: "ஹெசரு ஏனு? யாவ ஊரு?" மொழிபெயர்க்காதீர்கள். பெங்களூர்ச் சபைக்குப் புரியும், குடும்பத்துக்குப் புரியாது.

கிளார்க் வரும்போதெல்லாம் சபை விளக்கையும் பாதி ஏற்றுங்கள், நிற விளக்கு வேண்டாம். இருட்டில் உட்கார்ந்தவரைக் கேள்வி கேட்டால் அவர் தன்னைக் கேட்டதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அல்சூர் ஒத்திகை
நன்றி தோழர்களே. மூன்று இடத்துக்கும் கிளார்க் ஒரே நடிகரா?

திரைபிடிப்பவர்
ஒரே நடிகர்தான். துண்டை மட்டும் மாற்றட்டும், அதுவும் சபை பார்க்க.