ஸ்மூத்தி வீட்ல இனிக்குது, ஆபீஸ் போனா கசக்குது: எங்கே தப்பு பண்றேன்?

பீளமேட்டுக்காரி
வணக்கம்ங்க. ரெண்டு மாசமா காலைல டிபனுக்குப் பதிலா பெர்ரி ஸ்மூத்திதான். 6:30க்கு மிக்ஸில அடிச்சு, அரை டம்ளர் அங்கேயே நின்னு குடிச்சுட்டு, மீதியைப் பாட்டில்ல ஊத்திட்டுக் கிளம்பிருவேன். வீட்ல குடிக்கறப்ப அருமையா இருக்கும். 9:30க்கு ஆபீஸ்ல திறந்தா மூணு பிரச்சினை.

ஒண்ணு, களி மாதிரி ஆயிருது. பாட்டிலைக் கவுத்துப் பிடிச்சாலும் விழமாட்டேங்குது. ரெண்டு, சில நாள் கசக்குது. வேப்பங்கொழுந்துக் கசப்பு இல்லீங்க, மாத்திரை நாக்குல கரைஞ்சா வருமே, அந்த மாதிரி. எல்லா நாளும் இல்ல, அதான் குழப்பமே. மூணு, கலர். படத்துல பார்த்தா ரோஸ் கலர்ல மின்னுது, என்னுது சிமெண்ட் கரைச்ச மாதிரி இருக்கு.

நான் போடறது: காய்ச்சி ஆறின பால் 200 மில்லி, உறைஞ்ச ப்ளூபெர்ரி ஒரு கைப்பிடி, ஸ்ட்ராபெர்ரி ஆறேழு, வாழைப்பழம் ஒண்ணு, சியா விதை ரெண்டு மேசைக்கரண்டி, அப்புறம் பிரிட்ஜ்ல இருக்கற வேற பழம் ஏதாவது. சர்க்கரை, தேன் எதுவும் கிடையாது. பதினோரு மணிக்குப் பசி வேற வந்துருது.

ப்ளூபெர்ரி விக்கற விலைக்குக் கொட்ட மனசு வரமாட்டேங்குது. யாராவது சொல்லுங்களேன்.

இட்லியே போதும்
நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. கசக்காது, களியாகாது, கலரும் மாறாது.

பீளமேட்டுக்காரி
சட்னி பதினோரு மணிக்கு ஊசிப்போயிரும்ங்களே. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!

கும்மோணம் சித்தி
பாலையும் புளிப்புப் பழத்தையும் சேர்க்காதேன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. பால் திரிஞ்சு போயிருக்கும்மா, அதான் கசக்குது. ஸ்ட்ராபெர்ரில இருக்கிற பச்சைக் காம்பைக் கிள்ளிட்டுத்தானே போடறே?

சோதனைச்சாலை
சித்தி, திரிஞ்ச பால் புளிக்கும், திப்பி திப்பியா பிரியும். இவங்க சொல்ற கசப்பு அது இல்லை. நான் பால் பொருள் சம்பந்தமான படிப்பு படிச்சவன், எனக்கு வேற ஒரு சந்தேகம்.

பீளமேட்டு அக்கா, எல்லாத்துக்கும் அளவு கொடுத்துட்டு ஒண்ணை மட்டும் மூடி மறைச்சிருக்கீங்க. அந்த "வேற பழம் ஏதாவது" என்ன பழம்? போன வாரம் எந்த நாள் எதைப் போட்டீங்க, எந்த நாள் கசந்தது? ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதுங்க.

பீளமேட்டுக்காரி
வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டு எழுதறேன். திங்கள் கிவி ஒண்ணு. செவ்வாய் எதுவும் போடல. புதன் அன்னாசி ரெண்டு துண்டு. வியாழன் மாதுளை. வெள்ளி திரும்ப கிவி.
கசந்தது திங்கள், புதன், வெள்ளி.
அட கடவுளே.

சோதனைச்சாலை
அதேதான். மட்டன் சீக்கிரம் வேகணும்னா பப்பாளிக்காயை அரைச்சுத் தடவி வைப்போம் இல்லையா? காயில இருக்கிற பப்பாயின்கிற நொதி கறியோட புரதத்தை அறுத்துப் போடுது, கறி மெத்துனு ஆயிடுது. அன்னாசில புரோமலின், கிவில ஆக்டினிடின். எல்லாம் பங்காளிங்கதான். பால்ல விட்டா பாலோட புரதத்தை அறுக்கும். அறுந்து விழற சின்னத் துண்டுகள்ல பலது கசக்கும்.

அடிச்ச உடனே குடிச்சா நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்காது. அதனாலதான் அந்த அரை டம்ளர் உங்களுக்கு இனிச்சுது. மூணு மணி நேரம், அதுவும் கோயம்புத்தூர் பஸ்ல, அதுக்குத் தாராளம்.

சந்தேகம் இருந்தா வீட்லயே பாருங்க. ரெண்டு டம்ளர்ல ஆறின பால். ஒண்ணுல அரை கிவியை மசிச்சுப் போடுங்க, இன்னொண்ணுல ரெண்டு ஸ்ட்ராபெர்ரி. ஒரு மணி நேரம் கழிச்சு ஆளுக்கு ஒரு ஸ்பூன்.

பாலுக்குப் பதில் தயிர் ஊத்தினாலும் தப்பிக்க முடியாது, அதுலயும் அதே புரதம்தான். பழத்தை ஃப்ரீசர்ல வைச்சாலும் நொதி சாகாது, தூங்கிட்டு எழுந்துக்கும். சூடு பட்டாதான் போகும். டின்ல வர்ற அன்னாசி கசக்காம இருக்கிறது அதைச் சூடு பண்ணி அடைக்கிறதாலதான். சுலபமான வழி, கிவியைத் தனியா வெட்டிச் சாப்பிட்டுடுங்க. இல்லைன்னா அது போடற நாள்ல பாலுக்குப் பதில் இளநீர்.

கும்மோணம் சித்தி
அப்போ எங்க பாட்டி சொன்னது பாதி சரி.

சோதனைச்சாலை
கால்வாசி சரி, சித்தி.

ஒஸ்லோ அக்கா
தங்கச்சி, கசப்புக்கு விடை கிடைச்சிட்டுது, களிக்கு நான் சொல்லுறன். உங்கட சியா அளவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சியா தன்ர எடையைப்போல பத்து மடங்கு தண்ணியை இழுக்கும். ரெண்டு மேசைக்கரண்டி எண்டால் கிட்டத்தட்ட 24 கிராம் வரும். நீங்கள் விடுற 200 மில்லி பால் முழுக்க அதுக்கே காணாது! ஒரு தேக்கரண்டி காணும். உங்கட ஊர்ச் சப்ஜா விதையும் இதே வேலைதான் செய்யும், அதால அதை மாத்திப் பிரயோசனம் இல்லை.

சியா இல்லாட்டியும் ப்ளூபெர்ரி கொஞ்சம் இறுகும். அதில பெக்டின் இருக்கு. ஜாமை இறுக்கிற அதே சாமான்தான். ப்ளூபெர்ரியை நல்லா அரைச்சுப் போட்டு வைச்சால் தயிர் மாதிரி உறைஞ்சு நிக்கும். பழுதாப் போட்டுதெண்டு பயப்படத் தேவையில்லை. போத்திலைப் பலமாக் குலுக்குங்கோ, இளகும். குலுக்கப் பஞ்சியெண்டால் வாய் அகலமான போத்திலில கொண்டுபோய்க் கரண்டியால சாப்பிடுங்கோ.

இஞ்ச ஆகஸ்ட் மாசம் காட்டுக்குப் போய் நாங்களே வாளி வாளியாப் பிடுங்குவம். ஒருத்தரும் மறிக்கேலாது, சட்டமே அப்பிடி. காட்டுப்பழம் சின்னன், பிச்சுப் பார்த்தால் உள்ளுக்கும் கடும் ஊதா, நாக்கு ரெண்டு நாளைக்குக் கறுப்பு. கடையில விக்கிற பெரிய ப்ளூபெர்ரி உள்ளுக்கு வெளிறல்தான், நிறமெல்லாம் தோலில. அது வேற இனம். பிள்ளையளுக்குக் காட்டுப்பழம்தான் விருப்பம், எனக்குச் சட்டை தோய்க்கிற வேலை.

பீளமேட்டுக்காரி
ஒஸ்லோ அக்கா, "ரெண்டு ஸ்பூன்"னு எங்கேயோ படிச்சேன். எந்த ஸ்பூன்னு பார்க்கல போல. சாம்பார்க் கரண்டி சைஸ்ல போட்டுட்டேன்.

மிக்ஸி சர்வீஸ் 22 வருஷம்
மேடம், உறைஞ்ச பழத்தை எந்த ஜார்ல அடிக்கறீங்க? சட்னி ஜார்ல முதல்ல பழத்தைக் கொட்டி மேல பாலை ஊத்தினா பிளேடு கீழே வெறும் காத்துல சுத்தும், பழம் மேலேயே பாலம் கட்டி நிக்கும். நம்ம மிக்ஸிக்கு முதல்ல பால், அப்புறம் வாழைப்பழம், கடைசியா உறைஞ்சது. தலைகீழா மாட்டற புல்லட் மாதிரி மிக்ஸின்னா வரிசை அப்படியே உல்டா, பால் கடைசி. உறைஞ்சதைப் பத்து நிமிஷம் வெளியே வைச்சுட்டு விட்டு விட்டு அடிங்க. நடுவுல மிக்ஸி செத்துட்டா பயப்படாதீங்க. ஆஃப் பண்ணி, கொஞ்சம் ஆறவிட்டு, அடியில இருக்கற சிவப்புப் பட்டனை அமுக்குங்க. என்கிட்ட தூக்கிட்டு வர்றதுல பாதிக்கு அந்தப் பட்டன்தான் வைத்தியம். சொன்னா என் பொழப்பு போகும், பரவாயில்ல.

டப்ளின் தம்பி
எல்லாரும் "உறைஞ்ச பழம்"னு சாதாரணமா சொல்றீங்க. இங்க அயர்லாந்துல உணவுப் பாதுகாப்பு ஆணையமே, இறக்குமதி செஞ்ச உறைந்த பெர்ரியை ஒரு நிமிஷம் கொதிக்க வைச்சுட்டுதான் சாப்பிடணும்னு சொல்லுது. ஈரலைத் தாக்கற ஹெப்படைடிஸ் ஏ, வாந்தி பேதி வர வைக்கிற நோரோ, இந்த ரெண்டு வைரஸும் குளிர்ல சாகாது. 2013ல ஐரோப்பாவுல பரவின ஹெப்படைடிஸ் ஏ-க்கு உறைந்த பெர்ரிதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. பயமுறுத்தலை அக்கா, பாக்கெட்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. சமைச்சுச் சாப்பிடவும்னு இருந்தா முந்தின நாள் ராத்திரியே ஒரு கொதி விட்டு, ஆறவைச்சு, பிரிட்ஜ்ல வைச்சுக்கலாம். வீட்ல கர்ப்பிணியோ வயசானவங்களோ இருந்தா பாக்கெட் என்ன சொன்னாலும் நான் கொதிக்கத்தான் வைப்பேன்.

பீளமேட்டுக்காரி
பாக்கெட்டைக் கண்ணாடி போட்டுட்டுப் பார்த்தேன். குட்டி எழுத்துல ஏதோ இருக்கு, "சமைத்த பின்" மட்டும் தெளிவாத் தெரியுது. இத்தனை நாள் பச்சையாவே குடிச்சுட்டு இருந்திருக்கேன். நன்றி தம்பி.

சோதனைச்சாலை
கலர் பாக்கியிருக்கு. சங்குப்பூ டீல எலுமிச்சை பிழிஞ்சா நீலம் போய் ஊதாவா மாறுமே, பார்த்திருப்பீங்க. பெர்ரிலயும் அதே குடும்பத்துச் சாயம்தான், ஆந்தோசயனின். புளிப்பு இருந்தா சிவப்புப் பக்கம் போகும், புளிப்பு குறைஞ்சா நீலம், சாம்பல் பக்கம். பால் கிட்டத்தட்ட நடுநிலை, அதான் சிமெண்ட். தயிர் ஊத்துங்க, ரோஸ் வரும். கெட்டுப்போன அடையாளம் இல்லை.

ஆய்வுப்புழு
வாழைப்பழத்தை யாரும் தொடலையே? 2023ல கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழக ஆட்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாழைப்பழம் போட்டு அடிச்ச ஸ்மூத்தி குடிச்சவங்க ரத்தத்துல பிளேவனால்ங்கிற சத்து, அதை வெறும் மாத்திரையா எடுத்தப்ப இருந்ததைவிட 84 சதவீதம் குறைவா இருந்தது. வெட்டின வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கிற நொதிதான் காரணம். பெர்ரி ஸ்மூத்தில அந்த நொதி குறைவு. சத்துக்காக பெர்ரி வாங்கறவங்க வாழைப்பழத்தைத் தனியாச் சாப்பிடறது நல்லது.

இட்லியே போதும்
அவங்க வாழைப்பழத்தையும் பிடுங்கியாச்சா? கடைசில பாட்டில் மட்டும்தான் மிஞ்சும். ஒரு தகவல், தாவரவியல் கணக்குல ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே இல்லை. வாழைப்பழம்தான் பெர்ரி. கத்தரிக்காயும் பெர்ரி. அதை அடிச்சுக் குடிங்க.

சோதனைச்சாலை
ஆய்வுப்புழு சொல்றது சரிதான், ஆனா அது கொஞ்சப் பேரை வைச்சுச் செஞ்ச சின்ன ஆய்வு, அதுவும் பிளேவனால் ஒண்ணை மட்டும் அளந்தது. வாழைப்பழத்தோட நார், பொட்டாசியம் எங்கேயும் போகலை. எனக்கு ருசிதான் முக்கியம், நான் போட்டுத்தான் குடிக்கிறேன். இனிப்புக்கு வேற வேணும்னா ஊறவைச்ச பேரீச்சம்பழம் ரெண்டு.

ஈரோட்டு மாமன்
பதினோரு மணிப் பசிக்கு யாரும் பதில் சொல்லலையே சாமி. பழமும் கொஞ்சம் பாலும் எத்தனை நேரம் தாங்கும்? வறுத்த வேர்க்கடலை 20 கிராம் போட்டா 5 கிராம் புரதம். பொட்டுக்கடலை மாவு ரெண்டு மேசைக்கரண்டி போட்டா இன்னொரு 4 கிராம், நல்லாக் கெட்டியாவும் வரும். தயிரோட சேர்த்தா மதியம் வரைக்கும் வண்டி ஓடும். புரதப் பவுடர்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ண வேண்டாம் கண்ணு. எங்க வீட்ல ப்ளூபெர்ரியெல்லாம் இல்ல, நாவல்பழம் வர்ற ஆனி, ஆடியில கொட்டையை எடுத்துட்டு தயிரோட அடிச்சுக் குடிப்போம். துவர்க்கும், உப்பு ஒரு சிட்டிகை போட்டா சரியாயிரும். கலர்னா அதான் கலர்.

பீளமேட்டுக்காரி
மன்னிக்கணும், ஒரு வாரம் ஆச்சு பதில் எழுத. எல்லாம் செஞ்சு பார்த்துட்டுத்தான் வர்றேன்.

ரெண்டு டம்ளர் சோதனை ஞாயித்துக்கிழமை நடந்துச்சுங்க. வீட்டுக்காரர்கிட்ட எதுல என்னன்னு சொல்லாம கொடுத்தேன். கிவி டம்ளரை ஒரு வாய் வைச்சுட்டு நேரா சிங்க்குக்கு ஓடினார். கசப்பு வழக்கு முடிஞ்சுது.

இப்போ போடறது: தயிர் 150 மில்லி, தண்ணி கொஞ்சம், ராத்திரியே ஒரு கொதி விட்டு ஆறவைச்ச ப்ளூபெர்ரி, நல்லாக் கழுவின அப்புறம் காம்பு கிள்ளின ஸ்ட்ராபெர்ரி, பாதி வாழைப்பழம் (ஆய்வுப்புழு மன்னிக்கவும்), வேர்க்கடலை ஒரு பிடி, சியா ஒரு தேக்கரண்டி. கிவியைத் தனியா டப்பால எடுத்துட்டுப் போறேன். பாட்டில்ல குளிர்ந்த தண்ணி ஊத்தி வைச்சுட்டு, அதைக் கொட்டின அப்புறம்தான் ஸ்மூத்தி ஊத்தறேன்.

கசப்பு இல்லவே இல்ல. ரோஸ் வந்துருச்சு, பக்கத்து சீட்டுல ரெசிபி கேக்கறாங்க. கெட்டி மட்டும் இன்னும் இருக்கு, ஆனா குலுக்கினா இறங்குது. பசி பன்னிரண்டரைக்கு நகர்ந்துருச்சு. பொட்டுக்கடலை மாவு எனக்குத் தொண்டையைப் பிடிச்சுது மாமா, வேர்க்கடலையோட நிறுத்திக்கிட்டேன். நாவல்பழத்துக்குச் சீசன் வரட்டும்.

புதுப் பிரச்சினை ஒண்ணு. நேத்து குலுக்கறப்ப மூடி சரியா மூடல. வெள்ளைக் காட்டன் சுடிதார். ஒஸ்லோ அக்கா, இருக்கீங்களா?

ஒஸ்லோ அக்கா
இருக்கிறன், இருக்கிறன். வெறும் பழக்கறையெண்டால் நான் துணியை ஒரு சட்டிக்கு மேல இறுக்கிக் கட்டிப்போட்டு, உயரத்தில இருந்து கொதிதண்ணி ஊத்துவன், பருத்தித் துணிக்கு மட்டும். ஆனா உங்கட கறையில தயிரும் இருக்கு. அதில கொதிதண்ணி பட்டால் தயிர் அவிஞ்சு துணியில ஒட்டிப்போடும். அதால முதல்ல துணியைத் திருப்பிப் பின்பக்கமாப் பச்சைத்தண்ணி விட்டு, சவர்க்காரம் போட்டுத் தயிரைப் போக்காட்டுங்கோ. பிறகு கொதிதண்ணி. வெயிலில காயவிடுங்கோ, இஞ்ச எங்களுக்கு அதுதான் இல்லை.