ஹெட் போகச் சொல்கிறார், கவர்னர்களுக்கு எழுதலாமா? (இங்கிலாந்து, தனியார் பள்ளி)

ரெடிங் புதுவரவு:
வணக்கம். ஆகஸ்டில்தான் குடும்பத்தோடு இங்கே வந்தோம். மகளை ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம். நேற்று ஹெட், அதாவது தலைமையாசிரியர், கூப்பிட்டு, "இந்தப் பள்ளி உங்கள் பெண்ணுக்குச் சரிப்படாது, நீங்களாகவே விலக்கிக்கொண்டால் நல்லது" என்கிறார். காரணம் கேட்டால் மழுப்புகிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கணவர் வேலையாக ஜெர்மனி போயிருக்கிறார். பள்ளியை மேற்பார்க்கக் கவர்னர்கள் என்று ஒரு குழு உண்டாமே, அவர்கள் ஹெட்டுக்கு மேலா, கீழா? பெற்றோர் தரப்பில் அதில் யாராவது இருப்பார்களா? எல்லோருக்கும் ஒரே மெயிலாகத் தட்டிவிடலாமா? ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

ஹாரோ அண்ணன்:
தங்கச்சி, முதலில் பதறாதீங்கோ. நான் 2001 இல் வந்தபோது இதைவிட மோசம். ஒரே அறையில் ஐந்து பேர், ஹீட்டர் மீட்டருக்குக் காசு போடுவதில் தினமும் சண்டை, இரவு வேலை முடித்து வந்தால் படுக்க இடம் இராது. யாரைக் கேட்பது என்றே தெரியாது. இப்ப உங்களுக்குக் கேட்க ஆளாவது இருக்கு. அது சரி, ஏன் காசு கட்டிப் படிப்பிக்கிறீங்கள்? கவுன்சில் (உள்ளூராட்சி) பள்ளிக்கூடம் இலவசம்தானே.

குரோய்டன் குமரன்:
கவலை வேண்டாம் சகோதரி. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவர்னர் இருந்தே ஆக வேண்டும், அது சட்டம். நானே நாலு வருடம் இருந்தேன். அவரைப் பிடியுங்கள், வேலை முடிந்தது.

பர்சர் ஆபீஸ் பாமா:
குமரன் அண்ணா, நீங்கள் இருந்தது அரசுப் பள்ளியில். தனியார் பள்ளிக்கு அந்தச் சட்டம் கிடையாது. நான் ஒரு தனியார் பள்ளியின் கணக்குப் பிரிவில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன்.

இங்கே தனியார் பள்ளிகளில் பல சாரிட்டிகள், அதாவது அறக்கட்டளைகள். அவற்றில் கவர்னர்கள்தான் ட்ரஸ்டிகள் (அறங்காவலர்கள்). பெரும்பாலும் கம்பெனி டைரக்டர்களும் அவர்களே. சம்பளம் கிடையாது. ஒரு கணக்காளர், ஒரு வக்கீல், கட்டடம் தெரிந்த ஒருவர், ஓய்வுபெற்ற ஹெட் ஒருவர், பழைய மாணவர்கள் சிலர் என்று, தங்களுக்கு எந்தத் திறமை குறைகிறதோ அதைப் பார்த்துத் தாங்களே ஆள் சேர்ப்பார்கள். பெற்றோர் இருந்தாலும் நம் பிரதிநிதியாக இருக்க மாட்டார். ஹெட்டை நியமிப்பது, தேவைப்பட்டால் அனுப்புவது, பட்ஜெட், கட்டணம், குழந்தைகளின் பாதுகாப்பைக் கண்காணிப்பது, இவை அவர்கள் வேலை. எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் என்பது ஹெட் கையில். அப்புறம், ஒற்றை கவர்னருக்குத் தனியாக எந்த அதிகாரமும் இல்லை. குழுவாகக் கூடினால்தான் முடிவு.

எல்லோருக்கும் மெயில் போடவே போடாதீர்கள். நாளைக்குப் புகாரை விசாரிக்கும் பேனல் வரை போனால், ஏற்கெனவே விவகாரத்தில் தலையிட்டவர் அதில் உட்கார முடியாது. முழுக் கதையையும் எல்லோருக்கும் அனுப்பினால் பேனலுக்கு ஆள் தேடும்போது அதுவே இடிக்கும். கவர்னர் குழுவின் கிளார்க் (செயலர்) வழியாக, குழுத் தலைவருக்கு மட்டும் எழுதுங்கள்.

உங்கள் பள்ளி சாரிட்டியா, யாராவது சொந்தமாக நடத்துவதா? பெண் எந்த வகுப்பு? கட்டண பாக்கி உண்டா? ஹெட் எழுத்தில் ஏதாவது கொடுத்தாரா?

மில்டன் கீன்ஸ் மாமா:
கவர்னராம், ட்ரஸ்டியாம். எல்லாம் ஒரே கூட்டாளிகள் அம்மா. 2025 ஜனவரி முதல் கட்டணத்துக்கு மேல் 20 சதவீதம் வாட் வரி வேறு. நம்மிடம் கறந்துவிட்டுக் கடைசியில் பிள்ளை சரியில்லை என்பார்கள்.

ஹாரோ அண்ணன்:
அதைத்தானே நானும் சொன்னேன். இதில் வீட்டு வாடகை, கவுன்சில் டாக்ஸ், ரயில் டிக்கெட் எல்லாம் ஏறுது. ஊருக்கே போயிடலாம் போல இருக்கு.

குரோய்டன் குமரன்:
இருபத்தைந்து வருடமாக இதையே சொல்கிறீர்கள் அண்ணே.

ரெடிங் புதுவரவு:
பாமா அக்கா, சாரிட்டி பதிவேட்டில் பள்ளியின் பெயர் இல்லை. ஒரு கம்பெனிதான் நடத்துகிறது. தளத்தில் "ஆலோசனைக் குழு" என்று ஐந்து பேர் படம் மட்டும். பெண் ஆறாம் வகுப்பு. எழுத்தில் எதுவும் இல்லை. இந்த டெர்ம் (பருவ) கட்டணத்தில் பாதி இன்னும் கட்டவில்லை, கணவரின் சம்பளக் கணக்கு தாமதமானதால். அது காரணமாக இருக்குமோ?

பர்சர் ஆபீஸ் பாமா:
இருக்கலாம். பாக்கி இருந்தால் பிள்ளையை நிறுத்தலாம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும், நீங்கள் கையெழுத்திட்டதை எடுத்துப் பாருங்கள். இது சொந்தக்காரர் நடத்தும் பள்ளி என்பதால் உண்மையான கவர்னர் குழு இல்லாமலே இருக்கலாம். அதற்குத் தடை இல்லை. ஆலோசனைக் குழு யோசனை சொல்லும், ஹெட்டின் முடிவை மாற்றும் அதிகாரம் அதற்கு இருக்காது. சட்டப்படி பொறுப்பு புரொப்ரைட்டருடையது (பள்ளி உரிமையாளர்), அதாவது அந்தக் கம்பெனியுடையது. கம்பெனிஸ் ஹவுஸ் என்ற அரசுக் கம்பெனிப் பதிவகத்தின் தளத்தில் டைரக்டர்கள் பெயரை இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் புகார் விதி எல்லாத் தனியார் பள்ளிக்கும் ஒன்றே. 2014 இன் தனியார் பள்ளித் தர விதிகளின்படி மூன்று படி: முதலில் பேச்சு, அடுத்து எழுத்தில் புகார், அதற்கும் திருப்தி இல்லையென்றால் குறைந்தது மூன்று பேர் கொண்ட பேனல். மூவரில் ஒருவர் பள்ளி நிர்வாகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவராக இருக்க வேண்டும். நீங்கள் உங்களோடு ஒருவரை அழைத்துப் போகலாம்.

இன்றைக்கே ஹெட்டுக்கு நாலு வரி எழுதுங்கள்: நேற்றுப் பேசியதைச் சுருக்கமாகச் சொல்லி, காரணத்தை எழுத்தில் கேட்டு, அது கிடைக்கும்வரை முடிவு சொல்ல இயலாது என்று. பாக்கியை எப்போது கட்டுவீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். விலகல் கடிதம் மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு டெர்ம் முன்னறிவிப்பு கேட்கும் ஒப்பந்தமாக இருந்தால், நீங்களாக விலகினால் அடுத்த டெர்ம் கட்டணத்தையும் கேட்பார்கள். அப்படிக் கேட்க மாட்டோம் என்று எழுதித் தந்தால் அப்புறம் யோசிக்கலாம்.

கூடவே, அரசுப் பள்ளியில் ஆண்டு நடுவே சேர்க்கைக்குக் கவுன்சிலில் விண்ணப்பித்து வையுங்கள். விண்ணப்பித்தாலே சேர வேண்டும் என்றில்லை.

ரெடிங் புதுவரவு:
நன்றி அக்கா, மெயில் எழுதிவிட்டேன். புகார்க் கொள்கை தளத்தில் எங்கேயும் இல்லையே?

பர்சர் ஆபீஸ் பாமா:
அலுவலகத்தில் பிரதி கேளுங்கள், பெற்றோருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டியது அவர்கள் கடமை. போன வருடம் எத்தனை முறையான புகார் வந்தது என்ற எண்ணிக்கையும் சேர்த்துத்தான். இரண்டையும் மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தையில் வேண்டாம்.