நன்னடத்தை அலுவலர் பயிற்சி: 'கேஸ் மேனேஜ்மென்ட்', 'பிரிவென்ஷன் சர்வீசஸ்' இரண்டுக்கும் தமிழ்ச்சொல்

> கேஸ் மேனேஜ்மென்ட் – வழக்கு மேலாண்மை
> பிரிவென்ஷன் சர்வீசஸ் – தடுப்புச் சேவைகள்

வணக்கம். நன்னடத்தை அலுவலர் (ப்ரொபேஷன் ஆபிசர்) பயிற்சிக்கான சொற்பட்டியலில் மேலே உள்ள இரண்டையும் போட்டிருக்கிறார்கள். மருத்துவத் துறையில் இவை ஒத்துவரலாம். நீதிமன்றத்தை ஒட்டிய பணியில் இரண்டுமே இடறும்.

நன்னடத்தை அலுவலருக்கு வழக்கு என்றால் வழக்கு எண், சட்டப்பிரிவு, வாய்தா. 'வழக்கு மேலாண்மை' என்று பாடத்துக்குப் பெயர் வைத்தால், கோப்பைப் பராமரிக்கச் சொல்லித்தருகிறார்கள் என்றே நினைப்பார். பாடமோ வேறு. வழக்கில் சிக்கிய சிறுவனை மட்டும் பார்க்காமல் தாய், பாட்டி, பள்ளியிலிருந்து நின்றுவிட்ட தங்கை எல்லாரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று தலைமுறைக்கு உறவு வரைபடம் போட்டு, யார் யாரோடு பேசுவதில்லை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று குறிக்க வேண்டும். பலமும் தேவையும் மதிப்பிட்ட பிறகு, இரண்டு மூன்று இலக்குகளைக் குடும்பத்தார் சொல்லும் சொல்லிலேயே எழுத வேண்டும். ஆட்சித்தமிழில் 'இந்த கேஸில்' என்ற பொருளில் 'இந்நேர்வில்' என்று ஏற்கெனவே புழங்குவதால் 'நேர்வு மேலாண்மை' என்கிறேன்.

முன்னால் 'குடும்ப நல' என்று சேர்க்க வேண்டாம். அது கருத்தடை முகாமையும் மணமுறிவு நீதிமன்றத்தையும் நினைவூட்டும். 'குடும்ப மைய நேர்வு மேலாண்மை' போதும்.

'தடுப்பு' இன்னும் மோசம்; தடுப்புக் காவல்தான் காதில் விழும். அலுவலர் வாசலில் நின்று "உங்கள் மகனுக்குத் தடுப்புச் சேவை" என்றால் எந்தத் தாயும் கதவைச் சாத்துவாள். எதைத் தடுக்கிறோம் என்பதும் அந்தச் சொல்லில் இல்லை. அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டு 'ஃபேமிலி ஃபர்ஸ்ட்' சட்டத்தில் இந்தச் சேவைகளின் நோக்கம், குழந்தை வீட்டைவிட்டு வளர்ப்புப் பராமரிப்புக்கு (ஃபாஸ்டர் கேர், அதாவது அரசுப் பொறுப்பில் வேறிடத்தில் வளர்வதற்கு) போக நேராமல் காப்பது. உளநலம், போதைப் பழக்கத்துக்கான தடுப்பும் சிகிச்சையும், வீட்டிலேயே பெற்றோர் திறன் பயிற்சி என மூன்று வகை. 12 மாதம் வரை நிதி. அந்தக் குழந்தைக்குப் பிரியும் அபாயம் இருப்பதைத் திட்டத்தில் எழுதிப் பதிந்தால்தான் நிதி கிடைக்கும். ஆகவே 'பிரிவுத் தவிர்ப்புச் சேவை'.

மறுமொழி:

> பிரிவுத் தவிர்ப்புச் சேவை

கருத்து சரி, சொல்லில் சிறு சிக்கல். சட்டத்தில் பிரிவு என்றால் செக்‌ஷன். 'பிரிப்புத் தவிர்ப்புச் சேவை' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. பிரிப்பு பிறவினை, குழந்தை தானாகப் பிரிவதில்லை, ஓர் அலுவலகம் பிரிக்கிறது என்பதும் தெரியும்.

இதே பட்டியலில் 'நிபந்தனை', 'இலக்கு' இரண்டையும் தனித்தனிச் சொற்களாக உறுதிசெய்துவிடுவோம். களத்தில் அதிகம் கெடுவது இங்கேதான். நிபந்தனை நீதிமன்றம் விதித்தது. இலக்கு குடும்பம் ஒப்புக்கொண்டது. ஒரே படிவத்தில் இரண்டும் ஏறினால், ஆலோசனைக்கு ஒரு வாரம் வராததுகூட மீறல் அறிக்கையாகிவிடும். பிறகு அந்த வீட்டில் யாரும் உண்மை பேசமாட்டார்கள். மகனைக் கண்காணித்துச் சொல்லும் ஆளாகத் தாய் மாறிவிடுவதும் இதனால்தான். வகுப்பில் விளக்கினால் மட்டும் இது மனத்தில் நிற்காது. நடித்துப் பழகவேண்டும், முதல் சில வீட்டுச் சந்திப்புகளில் மேற்பார்வையாளர் கூடவே போய்ப் பார்த்துத் திருத்தவேண்டும்.

மறுமொழி:

'பிரிப்புத் தவிர்ப்பு' எனக்கும் சம்மதம். 'ரெஃபரல்' என்பதற்குப் 'பரிந்துரை' என்று போட்டிருப்பதை மாற்றவேண்டும். அலுவலர் நீதிமன்றத்துக்குத் தரும் பரிந்துரையோடு மோதுகிறது. அலுவலர் சிகிச்சையாளர் அல்லர். சிறுவனோடு குடும்பம், பள்ளி, நண்பர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கையாளும் எம்எஸ்டி என்னும் பல்லமைப்புச் சிகிச்சையில் ஒரு சிகிச்சையாளர் ஒரே சமயத்தில் நான்கு முதல் ஆறு குடும்பங்களைத்தான் எடுப்பார், மூன்று முதல் ஐந்து மாதம் வரை. கோப்புகள் குவிந்த அலுவலரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. வழிகாட்டி உரிய இடத்தில் சேர்ப்பதே அவர் வேலை. தமிழில் அதற்கு ஆற்றுப்படுத்தல் என்ற பழைய சொல் இருக்கிறது. உளவளத்துணை (கவுன்சலிங்) என்ற பொருளில் இலங்கையில் அது புழங்குவதால் 'சேவைக்கு ஆற்றுப்படுத்தல்' என்று சேர்த்தே எழுதலாம். வரையறையிலும் ஒரு வரி வேண்டும்: தொலைபேசி எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது ஆற்றுப்படுத்தல் ஆகாது, குடும்பத்தார் எதிரிலேயே அழைத்து நாள் குறித்து, போனார்களா என்று அடுத்த வாரம் கேட்டுப் பதிவது வரை அதில் அடங்கும்.