பியர் ஸ்டெர்ன்ஸை ஜேமி டைமன் வாங்கியது: சாமர்த்தியமா, அரசு கொடுத்த தைரியமா?

கேள்வி:
ஜேபி மார்கன் சேஸ் தலைவர் ஜேமி டைமன் 2008 நிதி நெருக்கடியைக் கையாண்ட விதத்தை, மூழ்கிக்கொண்டிருந்த பியர் ஸ்டெர்ன்ஸ் என்ற முதலீட்டு வங்கியை வாங்கியதைச் சிலர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். அமெரிக்க மத்திய வங்கி முட்டுக் கொடுத்ததால்தான் முடிந்தது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். கணக்கோடு யாராவது விளக்குவீர்களா?

பதில் 1:
2008-ஐ மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். 1998-இல் சிட்டிகுரூப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட டைமன், 2000 மார்ச்சில் சிகாகோவின் பேங்க் ஒன் தலைவரானார். சொந்தப் பணம் சுமார் 6 கோடி டாலரை அந்த வங்கியின் ஷேரிலேயே போட்டார். டிவிடெண்டைப் பாதியாக வெட்டினார். வாராக்கடனுக்கான ஒதுக்கீட்டைக் கூட்டி, முதல் ஆண்டில் 51.1 கோடி டாலர் நஷ்டத்தை அப்படியே கணக்கில் காட்டினார். 2003-இல் அதே வங்கி 350 கோடி டாலர் லாபம் காட்டியது. 2004-இல் ஜேபி மார்கனோடு இணைந்தது. கெட்டதை முதலில் எழுதிவிட்டு மூலதனத்தைப் பலமாக வைத்திருப்பது அவர் வழக்கம். 2006 கடைசியிலேயே சப்பிரைம் வீட்டுக் கடனை (திருப்பிக் கட்டுவது சந்தேகமானவர்களுக்குத் தரும் கடன்) குறைக்கச் சொன்னதும் அதன் தொடர்ச்சிதான். மற்றவர்கள் திணறியபோது வாங்கும் நிலையில் அவர் இருந்தது இதனால்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் பியர் ஸ்டெர்ன்ஸ் விஷயத்தில் அரசின் பங்கு பெரியது, அதை மறைக்கக் கூடாது. 2008 மார்ச் 16 ஞாயிற்றுக்கிழமை ஷேருக்கு 2 டாலர் என்று முடிவானது. அவசரத்தில் எழுதிய ஒப்பந்தத்தில் ஓர் ஓட்டை: பியர் பங்குதாரர்கள் இணைப்பை நிராகரித்தாலும், அதன் வர்த்தகக் கடப்பாடுகளுக்கு ஜேபி மார்கன் உத்தரவாதம் தொடரும்படி வாசகம் அமைந்துவிட்டது. அதைச் சரிசெய்யவும் பங்குதாரர்களைச் சம்மதிக்க வைக்கவும் ஒரே வாரத்தில் விலை 10 டாலரானது. சிக்கலான 3,000 கோடி டாலர் சொத்தில் முதல் 100 கோடி நஷ்டம் ஜேபி மார்கன் தலையில், மீதி 2,900 கோடிக்கு மத்திய வங்கி பொறுப்பு. அந்தச் செப்டம்பரில் திவாலான வாஷிங்டன் மியூச்சுவல் வங்கியை 190 கோடி டாலருக்கு எடுத்தபோது, அது கொடுத்திருந்த கடன்களின் மதிப்பைச் சுமார் 3,100 கோடி டாலர் குறைத்தே கணக்கில் ஏற்றினார்கள்.

பின்விளைவும் உண்டு. 2013-இல் வீட்டுக் கடன் பத்திரங்கள் விற்றது தொடர்பான வழக்குகளைத் தீர்க்க ஜேபி மார்கன் கட்டிய 1,300 கோடி டாலரில் பெரும் பகுதி இந்த இரண்டு நிறுவனங்களும் விட்டுச் சென்ற பாவச்சுமை. பியர் ஸ்டெர்ன்ஸ் மாதிரி ஒன்றை இனி செய்யமாட்டோம் என்று 2015-இல் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் டைமனே சொல்லிவிட்டார்.

பதில் 3:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். லாபம் தந்துகொண்டிருந்த பிரிவிடம் டைமன் அதே கண்டிப்பைக் காட்டவில்லை. 2012-இல் லண்டன் கிளையில் கடன் டெரிவேட்டிவ் (கடன் திரும்பி வருமா என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும் ஒப்பந்தம்) வர்த்தகத்தில் சுமார் 620 கோடி டாலர் போனது. ஒரு நாளில் எவ்வளவு இழக்கலாம் என்று மதிப்பிடும் கணக்கு முறையை அந்த ஜனவரியில் மாற்றினார்கள். மதிப்பு 13.2 கோடியிலிருந்து 6.6 கோடி டாலராகப் படுத்தது. ஓர் எக்செல் தாளிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் நகலெடுத்து ஒட்டிய கணக்கு அது. அதில் ஒரு சூத்திரம், பழைய விகிதத்துக்கும் புதிய விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்தது. ஏற்ற இறக்கம் பாதியாகத் தெரிந்தது, வரம்பு மீறல் கண்ணில் படவில்லை. இந்த வர்த்தகம் பற்றிய பேச்சை ஏப்ரலில் டைமன் பெரிதுபடுத்தவேண்டாத சலசலப்பு என்றார். மே மாதம் தவறை ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டுக்கான அவர் ஊதியத்தை இயக்குநர் குழு 2.3 கோடியிலிருந்து 1.15 கோடி டாலராகக் குறைத்தது.