தனுஷ்கோடி போகிறோம், நகத்தில் கடல் வரைய யோசனை சொல்லுங்கள்

தோழிகளே, மே மாத லீவில் அக்கா குடும்பத்தோடு ராமேஸ்வரம், தனுஷ்கோடி போகிறோம். எனக்கும் அக்கா மகளுக்கும் கடற்கரை டிசைனில் நெயில் ஆர்ட் போட வேண்டும்.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், மறுபக்கம் அலையடிக்கும் ஆண் கடல் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அதையே இரண்டு கையிலும் கொண்டுவர ஆசை. இடது கையில் வெளிர் பச்சை கலந்த நீலம், அலையே இல்லாமல். வலது கையில் அடர் நீலம், நுனியில் மணல் நிறம், இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளை நுரை.

நீலத்தையும் மணல் நிறத்தையும் ஸ்பாஞ்சில் ஒற்றி எடுத்தால் அழகாகக் கலந்துவிடுகிறது. நுரைதான் படியவில்லை. வெள்ளைக் கோடு போட்டு, காய்வதற்குள் மெல்லிய பிரஷால் இழுத்தால் கோடு தடித்து, கோலமாவு சிந்தியது போல் ஆகிவிடுகிறது. வெள்ளையை இன்னும் நீர்க்க வைக்க வேண்டுமா, இல்லை டூத்பிக்கால் புள்ளி புள்ளியாக வைப்பதுதான் சரியா?

அப்புறம், அக்னி தீர்த்தத்திலும் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராடுவோம். தண்ணீரில் ஊறினால் நகம் லேசாக உப்பும், சாதா பாலிஷ் உரிந்துவிடும். ஜெல் பாலிஷ் போடலாம் என்றால், அதை எடுக்க அசிட்டோனில் ஊறவைக்க வேண்டும். அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயதுதான், அவளுக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறேன். சாதா பாலிஷே நாலு நாள் தாங்க என்ன வழி? நுனி விளிம்பிலும் டாப் கோட் (கடைசியாகப் போடும் மேல்பூச்சு) இழுப்பேன், வேறு ஏதாவது செய்வீர்களா?

நீங்கள் போட்ட கடல் டிசைன் படம் இருந்தால் கமென்ட்டில் போடுங்கள். சங்கு, நட்சத்திர மீன் ஸ்டிக்கர் வேண்டாம், கையால் வரைந்ததுதான் வேண்டும்.